சகலைக்குச் செய்த அதே ஆபரேஷன்

சகலை பாதி பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "போதும்ப்பா, வயிறு நிறைஞ்சு போச்சு" என்று சொன்னபோதுதான் லிப்ட்காரருக்கு எழுந்து போய் அவரை ஓர் அறை விட வேண்டும் போல் இருந்தது. முழு பிஸ்கட்டையும் தின்றிருந்தால் மன்னித்திருப்பார். தொடாமலே இருந்திருந்தாலும் மன்னித்திருப்பார். ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்து, சரிபாதியாக உடைத்து, ஒரு பாதியை ஐந்து நிமிடம் மென்று, மறுபாதியை வந்தவர்கள் எல்லோரும் பார்க்கும்படி தட்டில் காட்சிக்கு வைத்தால் எந்த மனுஷனால் பொறுத்துக்கொள்ள முடியும்? அதே தட்டில் இருந்த மற்ற ஏழு பிஸ்கட்டும் யார் வயிற்றுக்குள் போயின என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்காவைக் கட்டியவர் சோபாக் கடையில் விற்பனை மேலாளர். தங்கையைக் கட்டிய நம் ஆள், லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். போன வருடம் வரை இரண்டு பேருக்கும் நடுவில் பொறாமைக்கு வேலையே இல்லை. சகலை நூற்று இருபத்தேழு கிலோ, இவர் நூற்று முப்பத்தொன்று. குடும்பப் போட்டோ எடுத்தால், அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இருக்க முட்டுக் கொடுப்பது போல, இந்த ஓரத்தில் ஒருவரையும் அந்த ஓரத்தில் ஒருவரையும் நிறுத்திவிடுவார்கள். இருவரும் தூரத்திலிருந்தே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது.

பிறகு சகலை ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, ஸ்லீவ் என்கிற ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்துவிட்டார். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்கிவிடுவார்களாம். பதினோரு மாதத்தில் நாற்பத்தாறு கிலோ போயே போய்விட்டது. இப்போது எண்பத்தொன்று. இதைச் சகலை சொல்லும்போது "எண்பத்தொண்ணு புள்ளி மூணு" என்று அந்தப் புள்ளியையும் விடாமல் சொல்வார்.

இப்போது அவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நூற்று முப்பது கிலோ ஆசாமி யாரையாவது கால் மேல் கால் போடச் சொல்லிப் பாருங்கள், புரியும். சகலை வலது காலை இடது காலின் மேல் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இடதை வலதின் மேல் போட்டார். பிறகு மறுபடி மாற்றினார்.

"பழைய பேண்ட்டைக் கொண்டாந்து காட்டட்டுமா தம்பி?" என்றார். "ரெண்டு காலையும் ஒரே கால் பக்கம் விட்டு நிக்கலாம்."

"போன தடவையே காட்டிட்டீங்கண்ணே."

"அப்ப அது ஒரு காலுக்குத்தான் லூசா இருந்துச்சு. இப்ப ரெண்டும் போகுது."

லிப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து சமையலறைப் பக்கம் போனார். உள்ளே அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். இருபது வருடமாகப் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லி, அவள் குரலே ஒடுங்கிப் போயிருந்தது. அந்த மெல்லிய குரலில் அவள் கேட்டது வாசலில் நின்றவரின் காதில் தெளிவாக விழுந்தது.

"அத்தான் இப்ப எப்படிக்கா தூங்குறார்? நேராவா, ஒருக்களிச்சா? ராத்திரி முழுக்கவா?"

"குழந்தை மாதிரி தூங்குறார்டி" என்றாள் அக்கா.

"கொடுத்து வச்சவ நீ" என்றாள் தங்கை. அதைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விட்டாள்.

லிப்ட்காரருக்குக் காதில் புகை வந்தது. அக்காள் புருஷன் ஒருக்களித்துப் படுக்கிறாரா நேராகப் படுக்கிறாரா என்பதில் ஒருத்திக்கு என்ன இத்தனை அக்கறை? அதற்கு ஒரு பெருமூச்சு வேறா? பத்தொன்பது வருடம் கூடவே குடித்தனம் பண்ணியதில் தனக்காக அவள் அப்படி ஒரு மூச்சு விட்டதாக அவருக்கு நினைவில்லை. தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டில் இருந்த பாதி பிஸ்கட்டைப் பார்த்தார். அதையும் எடுத்துத் தின்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார், "நானும் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

மனைவி சட்டென்று திரும்பி அவர் கையைப் பிடித்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. ஏழு வருடமாக அவள் ஜாடையாகச் சொல்லியும் நடக்காதது இது. கணவனின் உடம்பைப் பற்றி நேராகப் பேசும் துணிச்சல் அவளுக்கு இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை பேசியதற்கு அவர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். அதனால் இப்போது ஒன்றும் பேசாமல் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். லிப்ட்காரரோ, 'அத்தான் மாதிரி ஆகப்போறேன்னதும் எவ்வளவு சந்தோஷம் பார்' என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

அவருக்கு ஆபரேஷன் தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. லிப்டின் மோட்டார் மொட்டை மாடிக்கும் மேலே ஒரு சின்ன அறையில் இருக்கும். இரும்பு ஏணியில் ஏறி, மேலே வெட்டியிருக்கும் சதுர ஓட்டை வழியாக அதற்குள் நுழைய வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த ஓட்டையில் அவர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டார். மேலிருந்து இரண்டு பேர் இழுக்க, கீழிருந்து ஒருவர் தள்ள, முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து கம்பெனியில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், "பயப்படாதீங்க, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்பது இப்போது அவர் வேலை. தன் கையால் பழுது பார்த்த லிப்டுகளைப் பற்றிப் போனில் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. இருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோன்றவில்லை. சகலையின் பாதி பிஸ்கட்தான் அவரைக் கிளப்பியது.

மனைவி லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

டாக்டரம்மா ஒல்லியானவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். எதையும் படம் போட்டுத்தான் சொல்வார். மேசைமேல் பழைய காலண்டர் தாள்கள் கட்டாக இருந்தன. அதில் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் ஒரு வயிற்றை வரைந்தார்.

"வளையம் மாட்டுறது ஒண்ணு இருந்துச்சு, இப்ப நான் பண்றதில்ல. பலூன் வைக்கிறது ஆறு மாசத்துக்குத்தான், எடுத்ததும் எடை திரும்பிடும். உங்களுக்கு ரெண்டுதான் கணக்கு. ஒண்ணு ஸ்லீவ், இன்னொண்ணு பைபாஸ்." ஸ்லீவுக்குக் கோடு போட்டு வயிற்றை வெட்டிக் காட்டினார். அது தெரிந்த கதைதான். பைபாஸுக்கு வயிற்றின் மேல்பகுதியில் முட்டையளவு ஒரு பையைப் பிரித்து, குடலின் ஒரு நீளத்தைத் தாண்டி, கீழே கொண்டுபோய் இணைத்தார். "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க. புரிஞ்சுதான் தலையாட்டுனீங்களான்னு பார்க்கணும்."

லிப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஸ்லீவுங்கிறது லிப்ட் பெட்டியச் சின்னதாக்குறது. ஆனா எல்லா மாடியிலயும் நிக்கும். பைபாஸ்னா பெட்டியும் சின்னது, நடுவுல சில மாடியில நிக்காமலும் போயிடும்."

டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "இதை நான் இனிமே எல்லாருக்கும் சொல்லப் போறேன்" என்றார். "சரி, ரெண்டுல எது யாருக்குங்கிறதுதான் முக்கியம். பைபாஸ் பண்ணினா சத்து மாத்திரைய ஆயுசுக்கும் விடக் கூடாது, இனிப்பு கூடிட்டா தலை சுத்தி வேர்த்துக் கொட்டும். ஸ்லீவ் அதைவிடச் சுலபமான ஆபரேஷன். ஆனா நெஞ்செரிச்சல் இருக்கிறவங்களுக்கு நான் ஸ்லீவ் பண்றதில்ல. குழாய் மாதிரி ஆனதும் உள்ள அழுத்தம் கூடிடும், அமிலம் மேல ஏறும். அப்புறம் அதுக்கு ஒரு ஆபரேஷன்னு வந்து நிப்பாங்க. உங்களுக்கு எரிச்சல் உண்டா?"

உண்டாவா? மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு படுக்கிற மனுஷர். குனிந்து செருப்பை மாட்டினால் தொண்டை வரை அமிலம் வரும். பாயில் படுத்துத் தூங்கிப் பல வருடமாயிற்று.

"எப்பவாவது, டாக்டர்" என்றார்.

"குறட்டை? தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"யாரும் சொன்னதில்ல."

டாக்டரம்மா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "எதுக்கும் எண்டோஸ்கோப்பி பண்ணிடுவோம். குழாய் விட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தேதி இருக்கு."

அன்று மாலையே சகலையின் கடைக்குப் போனார். சகலை ஒரு புது சோபாவின் கைப்பிடியில் லேசாக உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அவர் அப்படி உட்கார்ந்தால் கடை முதலாளிக்கு நெஞ்சு பதறும்.

"பைபாஸா?" என்று சகலை முகத்தைச் சுளித்தார். "அது முத்திப்போன கேஸுக்குத் தம்பி. கையை மீறிப் போனவங்களுக்குப் பண்றது. நம்மள மாதிரி ஆளுக்கு ஸ்லீவ்தான். உங்களுக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

இந்த ஒரு கேள்வி போதாதா? லிப்ட்காரர் வீடு வரும்வரை அதையே மென்றுகொண்டு வந்தார். பைபாஸ் செய்துகொண்டால், அட, இவர் எவ்வளவு மோசமாக இருந்திருந்தால் பெரிய ஆபரேஷன் பண்ணியிருப்பார்கள் என்று குடும்பமே உச்சுக்கொட்டும். சரி, பைபாஸில் அறுபது கிலோ இறங்கி சகலையை மிஞ்சிவிட்டால்? அப்போதும், 'குடலையே மாத்திப் போட்டிருக்காங்க, இறங்காம என்ன செய்யும்' என்று சகலை கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொல்வார். அந்த ஜெயிப்பு செல்லாது. ஓடினால் ஒரே மைதானத்தில் ஓடி ஜெயிக்க வேண்டும். சகலைக்குச் செய்த அதே ஆபரேஷன்தான் வேண்டும், எண்பத்தொன்று புள்ளி மூன்றை விடக் குறைய வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும். இதுதான் அவர் கணக்கு. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பொறாமைப்பட்டவன் மனசுக்குள் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு அவர் செய்த காரியம் லிப்ட் மெக்கானிக் ஒருவர் செய்யவே கூடாத காரியம். அதிக எடை ஏறினால் லிப்டில் மணி அடிக்கும், கதவு மூடாது. அந்த மணி தொல்லையாக இருக்கிறது, கொஞ்சம் அமுக்கி விடுங்கள் என்று கேட்காத கட்டட மேலாளர் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருக்கும் அவர் அதைச் செய்து கொடுத்ததில்லை. "மணியை அமுக்கினா எடை குறைஞ்சிடுமா சார்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார். அப்படிப்பட்டவர் மூன்று தெரு தள்ளி இருந்த மருந்துக் கடைக்குப் போய், அமிலத்தை அடக்குகிற மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தொண்டையில் இருக்கிற புண் ஆறிவிட்டால் குழாய்க்கு என்ன தெரியப் போகிறது? காலி அட்டைகளைக் குப்பையில் போட்டால் மனைவி பார்த்துவிடுவாள் என்று, கருவிப் பையின் அடியில் திணித்து வைத்தார்.

எரிச்சல் பூனை போல அடங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடந்த எட்டு வாரத்தில் ஏதாவது மாத்திரை எடுத்தீர்களா என்று படிவத்தில் கேட்டிருந்ததற்கு 'இல்லை' என்று போட்டார். தொண்டை சுத்தமாக இருந்தது. "பரவாயில்லையே" என்றார் டாக்டரம்மா. "அப்ப ஸ்லீவே பண்ணலாம். தேதி குறிச்சிடறேன். அடுத்த தடவை வரும்போது வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்ககிட்ட பேசாம நான் கத்தியத் தொட மாட்டேன்."

லிப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே சகலைக்குப் போன் போட்டு, "ஸ்லீவ்தாண்ணே, சாதாரண கேஸாம்" என்றார். மறுமுனையில் சகலை, "நான்தான் சொன்னேன்ல" என்றார். அதிலும் பேர் அவருக்கே போய்விட்டது. இருக்கட்டும், ஆறு மாதம் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று லிப்ட்காரர் போனை வைத்தார்.

கடைசிச் சந்திப்புக்கு மனைவி கூட வந்தாள். டாக்டரம்மா புதுத் தாளில் படம் போட்டு, அவளுக்கும் எல்லாவற்றையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். நூலகக்காரி ஒரு வரி விடாமல் சொன்னாள். "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் டாக்டரம்மா.

மனைவி கணவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த எதையோ எடுத்து மேசைமேல் பிரித்தாள். காலி மாத்திரை அட்டைகள், பதினொன்று.

"அலமாரிக் கதவுல திருகு கழண்டிருச்சுன்னு இவர் பையில திருப்புளி தேடினேன் டாக்டர். அடியில இது இருந்துச்சு. மருந்துக் கடையில கேட்டேன், நெஞ்செரிச்சலுக்குன்னு சொன்னாங்க. நான் பயந்துடுவேன்னுதான் இவர் மறைச்சிருக்கார். ரொம்ப வலிக்குது போல. இவ்வளவு மாத்திரை சாப்பிடறவருக்கு இந்த ஆபரேஷன் தாங்குமா?"

லிப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் வலியில் துடித்துக்கொண்டு அதைத் தன்னிடம் மறைக்கிறார் என்று அவள் நம்பியிருக்கிறாள். எத்தனை நாள் இந்த அட்டைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாளோ?

டாக்டரம்மா ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எப்ப ஆரம்பிச்சீங்க? எண்டோஸ்கோப்பிக்கு முன்னாடியா?"

"ஆமா."

"தெரிஞ்சேதானா?"

"ஆமா டாக்டர்."

"எதுக்கு? வேண்டாத ஆபரேஷனைக் கேட்டு வாங்குற ஆளை நான் பார்த்ததே இல்லையே."

"என் சகலை ஸ்லீவ் பண்ணியிருக்கார் டாக்டர்."

"அதனால?"

"அதனாலதான்."

மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. "அத்தான் பண்ணினதாலயா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, நம்ப முடியாத திகைப்பு மட்டும் இருந்தது. லிப்ட்காரருக்கு அந்தத் திகைப்பு அவமானத்தைவிட மோசமாக இருந்தது. கையும் களவுமாக மாட்டியவன் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். எதிரே இருந்தவள் மேல் பாய்ந்தார்.

"நீதானே ஆரம்பிச்சே! அத்தான் இப்படி ஆயிட்டார், அத்தான் அப்படி ஆயிட்டார்னு! அவர் எப்படிப் படுக்குறார், ஒருக்களிச்சா நேராவான்னு அக்காகிட்ட விசாரிச்சே. கொடுத்து வச்சவன்னு பெருமூச்சு விட்டே. நான் வாசல்லதான் நின்னேன். எல்லாம் கேட்டுச்சு!"

டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் அத்தானைப் பார்த்துப் பெருமூச்சு விடலைங்க" என்றாள். "அக்காவைப் பார்த்துத்தான் விட்டேன். எனக்கு அக்கா மேல பொறாமை. வயிறெரியுது, தெரியுமா உங்களுக்கு? அவ தூங்குறா."

அவள் கைப்பையை மூடினாள்.

"உங்களுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னுடும். இருபது எண்ணுவேன், முப்பது எண்ணுவேன், அதுக்கு மேல எண்ண முடியாம உங்களைப் புரட்டி விடுவேன். ஒரு இழுப்பு இழுத்து மறுபடி குறட்டை விடுவீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு அடுத்தது எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கணும். அக்காவும் இப்படித்தான் இருந்தா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போற வழியில போன்ல இதைத்தான் பேசிக்குவோம், நேத்து எத்தனை தடவைன்னு. ஒரு வருஷமா அவ பேச அவளுக்கு ஒண்ணும் இல்ல. நான் மட்டும்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு தடவை உங்ககிட்ட சொன்னதுக்கு நீங்க ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம் சொல்லலை. ஏழு வருஷம் ஆச்சு."

நூலகத்தில் அவள் பகல் வேளைகளில் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவதாகவும், பிள்ளைகள் அவளுக்கு 'தூங்குமூஞ்சி டீச்சர்' என்று பேர் வைத்திருப்பதாகவும் அவள் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவரும் அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கேலி செய்திருக்கிறார். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, அவள் சகலை வீட்டில் கொட்டாவி விட்டபோதெல்லாம் செய்திருக்கிறார்.

டாக்டரம்மாதான் முதலில் பேசினார். குரல் கறாராக இருந்தது. "மூச்சு நிக்கிற விஷயம் தெரியாம உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இந்தத் தேதி ரத்து. மாத்திரைய நிறுத்துங்க, தூக்கத்தைப் பரிசோதனை பண்ணுங்க, மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்கிறேன். எனக்குத் தெரிஞ்சு உங்களுக்கு பைபாஸ்தான். ஸ்லீவ்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னா வேற டாக்டரைப் பாருங்க. ஆனா உடம்பு உங்களோடது, முடிவு நீங்கதான் எடுக்கணும்."

லிப்ட்காரர் காலண்டர் தாளில் இருந்த இரண்டு வயிற்றையும் பார்த்தார். "எதைப் பண்ணினா இவ தூங்குவா டாக்டர்?"

அந்தக் கேள்வியை டாக்டரம்மா எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார், "எடை இறங்கினா ரெண்டுலயுமே மூச்சு சரியாக நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா ஸ்லீவ் பண்ணி, நெஞ்சு எரிஞ்சு நீங்க எழுந்து உட்கார்ந்தா, இவங்களும் எழுந்து உட்காருவாங்க. அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். பரிசோதனை முடிஞ்சதும் முகத்துல மாட்டிக்கிட்டுப் படுக்கிற மெஷின் ஒண்ணு தருவோம். பார்க்க நல்லா இருக்காது."

"பரவால்ல" என்றார் லிப்ட்காரர். "பைபாஸே பண்ணிடுங்க. பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கணும்." அவர் இதை டாக்டரம்மாவிடம் சொன்னாரா, மனைவியிடம் சொன்னாரா என்பது தெளிவாக இல்லை. இரண்டு பேருமே தலையசைத்தார்கள்.

தூக்கப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தரும்வரை வெளிக்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். வரிசையாகப் பச்சை நாற்காலிகள். கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பார்த்து அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் அவள். ஏழு வருடமாக அடக்கி வைத்ததைச் சொல்லித் தீர்த்துவிட்டதாலோ என்னவோ, ஐந்து நிமிடத்தில் அவள் தலை சாய்ந்தது. அவர் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்து, ஆழமாக மூச்சு விட்டாள். எதிரே ஒரு அம்மாள் பார்த்துச் சிரித்தாள். லிப்ட்காரர் அசையவில்லை. அவள் மூச்சு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒழுங்காக வந்தது, ஒழுங்காகப் போனது. இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்காக ஒருத்தி விடிய விடிய உட்கார்ந்திருக்க முடியும் என்று அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

ஜன்னலில் இருந்த பெண் அவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டாள். அவர் கையை உயர்த்தி, அடுத்தவர் போகட்டும் என்று சைகை காட்டினார். மறுபடி கூப்பிட்டபோதும் அப்படியே காட்டினார்.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சகலை. தோளை அசைக்காமல் இரண்டு விரலால் எடுத்துக் காதில் வைத்தார்.

"என்ன தம்பி, ஸ்லீவுக்குத் தேதி உறுதியாயிடுச்சா?"

"இல்லண்ணே, பைபாஸ்."

சகலையின் குரல் மாறியிருந்தது. அந்தக் குரலை லிப்ட்காரர் இதுவரை கேட்டதில்லை, ஆனால் எடுத்த எடுப்பில் அடையாளம் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகத் தன் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல்தான் அது.

"பைபாஸா? அதுல இன்னும் கூடுதலா இறங்குமாமே தம்பி? எங்க கடைக்கு வந்த ஒருத்தர்கூட சொன்னார், அறுபது அறுபத்தஞ்சு வரைக்கும் போயிடுதாம். எனக்கு மூணு மாசமா அப்படியே நிக்குது, சொல்லப்போனா ரெண்டு கிலோ ஏறிக்கூட இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேனோ? உங்க டாக்டர் என்ன சொல்றாங்க, எனக்கும் இப்ப மாத்திப் பண்ண முடியுமாமா?"

நேற்று இந்த வார்த்தைகளைக் கேட்டிருந்தால் லிப்ட்காரர் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் எழுந்து நின்று கூத்தாடியிருப்பார். திரும்பச் சொல்லச் சொல்லி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டிருப்பார். இப்போது அவர் கவலையெல்லாம் போனிலிருந்து கசிகிற அந்தச் சத்தம்தான். தோளில் இருந்த தலை லேசாக அசைந்தது. அவர் கையால் போனைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, அப்புறம் பேசறேன்" என்றார், உதடு மட்டும் அசைய. "இவ தூங்குறா."